தாத்தாவின் இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மியூவானை வைத்துப் பார்க்க முடியுமா?

கோத்தகிரிப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமானது, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக வேலை பார்த்தவர். எஸ்டேட் கைமாறியபோது ஆபீஸில் கிடந்த பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள், அதில் ஒரு இரும்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இடுப்பு உயரம்கூட இருக்காது, ஆனால் நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். கரும்பச்சைப் பெயிண்ட், பித்தளைக் கைப்பிடி, சாவித் துவாரத்தை மறைக்க ஒரு சின்னப் பித்தளை மூடி. அந்த மூடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளி விளையாடித்தான் நானும் என் தம்பியும் வளர்ந்தோம். தாத்தா போய் பதினொரு வருடம் ஆகிறது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே தோட்டத்துப் பத்திரம் இருக்கிறது என்கிறார் அப்பா. பாட்டியின் அட்டிகை இருக்கிறது என்கிறார் அத்தை. ஒன்றுமே இல்லை, வெறும் பெட்டி என்பது பெரியப்பா கட்சி.

கேஸ் கட்டர் வைத்து அறுத்துவிடலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் ஆள் கூட்டி வந்து அறுத்தார்கள், கதவு வந்தது, உள்ளே இருந்த காகிதமெல்லாம் ஓரம் கருகி, கை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது.

போன வாரம் என் மகள் பள்ளியில் இருந்து ஒரு விஷயம் கேட்டு வந்தாள். வானத்தில் இருந்து மியூவான் என்று ஒரு துகள் வந்துகொண்டே இருக்கிறதாம், அதை வைத்து எகிப்து பிரமிடுக்குள் ஒளிந்திருந்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்தார்களாம். நம் ஊட்டியிலேயே அந்த மியூவானை எண்ணுகிற பெரிய கருவி இருக்கிறதாம். அவ்வளவு பெரிய கல் மலைக்குள்ளே பார்க்க முடியும் என்றால் இரண்டடிப் பெட்டிக்குள் பார்க்க முடியாதா? பெட்டியை ஒரு பிக்-அப்பில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோனால் பார்த்துத் தருவார்களா? நான் படித்தது வணிகவியல், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

குன்னூர் வாத்தியார்:

உங்கள் மகள் சரியாகத்தான் கேட்டு வந்திருக்கிறாள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விண்வெளியில் இருந்து புரோட்டான்கள் ஓயாமல் வந்து நம் காற்று மண்டலத்தின் மேல் பகுதியில் மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கும் துகள்கள் சிதைந்து சுமார் 15 கி.மீ. உயரத்தில் மியூவான்கள் உண்டாகின்றன. மியூவான் குணத்தில் எலக்ட்ரானைப் போன்றது, எடை மட்டும் 207 மடங்கு. ஆயுள் 2.2 மைக்ரோ வினாடிதான். ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும், பிறகு எப்படி 15 கி.மீ. இறங்கி வருகிறது என்றால், அவ்வளவு வேகமாகப் போகிற துகளின் கடிகாரம் நம் கடிகாரத்தை ஒப்பிட மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டீனின் சார்பியலை இதைவிடக் கண்கூடாகக் காட்டும் விஷயம் எனக்குத் தெரியாது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகிறது. கையை விரித்து நீட்டினால் வினாடிக்கு ஒன்றாவது உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகும். நம் மலையில் இன்னும் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் மேலே இருக்கிற காற்று குறைவு.

இப்போது பிரமிடு. மியூவானை வைத்துப் பார்ப்பதில் இரண்டு வழி இருக்கிறது, இதைப் பிரித்துப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். ஒன்று, எத்தனை மியூவான் மறுபக்கம் வந்து சேர்கிறது என்று எண்ணுவது. கல் தடிமனாக இருந்தால் நிறைய நின்றுவிடும், நடுவே வெற்றிடம் இருந்தால் அந்தத் திசையில் மட்டும் அதிகமாக வரும். 1955இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கப்பாதைக்கு மேலே எவ்வளவு பாறை இருக்கிறது என்று ஜார்ஜ் என்பவர் இப்படித்தான் அளந்தார். 1960களின் கடைசியில் லூயிஸ் ஆல்வரெஸ் குழுவினர் காப்ரே பிரமிடுக்குள் கருவி வைத்துப் பார்த்தார்கள், அவர்கள் பார்த்த பகுதியில் மறைந்த அறை எதுவும் இல்லை என்று 1970இல் வெளியிட்டார்கள். உங்கள் மகள் சொன்னது 2017இல் வந்த செய்தி, கூஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம்.

இந்த வழி உங்கள் பெட்டிக்கு உதவாது. பத்து இருபது மீட்டர் கல்லுக்கு இது சரி. உங்கள் பெட்டியின் மேல் தகடும் கீழ்த் தகடும் சேர்ந்து இரண்டரை செ.மீ. இரும்பு என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க மியூவான் இழக்கும் ஆற்றல் அது கொண்டு வருவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். நூறு வந்தால் ஏறக்குறைய நூறும் வெளியே போய்விடும். உள்ளே பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணிக்கை மாறாது.

இரண்டாவது வழி, எண்ணுவதை விட்டுவிட்டு எவ்வளவு திரும்பியது என்று பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூட்டம் குறைவான பக்கம் நடந்தால் நேராகப் போய்விடலாம், கூட்டம் நெருக்கமான பக்கம் போனால் தோளில் இடித்து இடித்து வேறு பக்கம் தள்ளிவிடும் இல்லையா, அதுபோல அணுக்கருக்களின் மின்புலம் மியூவானைத் துளித்துளியாகத் தள்ளும். அணு எண், அதாவது கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை, பெரிதாக ஆக ஆகத் தள்ளுவது அதிகம். 3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு மியூவான் 10 செ.மீ. தண்ணீரைக் கடந்தால் சராசரியாக 0.14 டிகிரிதான் திரும்பும். அதே 10 செ.மீ. இரும்பு என்றால் 0.6 டிகிரி. ஈயம் என்றால் 1.1 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஈயத்துக்கு 2 செ.மீ. விலகல் தெரியும், அளக்கக் கூடிய விஷயம்தான். பெட்டிக்கு மேலே இரண்டு மூன்று அடுக்கு உணர்கருவி, கீழே இரண்டு மூன்று அடுக்கு. ஒவ்வொரு மியூவானும் எந்தக் கோட்டில் உள்ளே வந்தது, எந்தக் கோட்டில் வெளியே போனது, இரண்டு கோடும் சந்திக்கிற இடம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனால் உள்ளே இருப்பதன் உருவம் மெல்ல எழும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 2003இல் டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தின் உருளையை வைத்து இதைச் செய்து காட்டினார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில், கொள்கை அளவில் முடியும். தங்கம் சீக்கிரம் தெரியும், காகிதம் மிகவும் தாமதமாகத் தெரியும். பெட்டியின் அளவையும் தகட்டின் தடிமனையும் சொன்னால் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

ஃபெர்ன்ஹில்:

அக்கா, பெட்டியை ஊட்டிக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள், அங்கே இருப்பது அதற்கான கருவி இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் வகுப்பைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், அதனால் சொல்கிறேன்.

ராஜ்பவன் பக்கம், 2200 மீட்டர் உயரத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. வாத்தியார் சொன்ன, விண்வெளியில் இருந்து வரும் துகள்களைத்தான் காஸ்மிக் கதிர் என்பார்கள். அங்கே நடக்கும் ஆய்வின் பெயர் கிரேப்ஸ்-3. மியூவானைப் பிடிக்கிற பகுதி 560 சதுர மீட்டர். பத்துக்குப் பத்து செ.மீ. சதுர வாயும் 6 மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் குழாய்கள் 3712, நாலு அடுக்காக, ஒரு அடுக்கு நீளவாக்கில் இருந்தால் அடுத்த அடுக்கு குறுக்குவாக்கில். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வாயு, நடுவே ஒரு மெல்லிய கம்பி. மியூவான் குழாயைக் கடக்கும்போது வாயுவில் மின்னேற்றம் உண்டாகிக் கம்பியில் ஒரு துடிப்பு வரும். இந்தக் குழாய்கள் முன்பு கோலார் தங்கச் சுரங்கத்துக்குள், புரோட்டான் சிதைகிறதா என்று பார்த்த ஆய்வில் இருந்தவை என்று அங்கே சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சுரங்கத்தின் ஆழத்தில் இருந்த குழாய் மலை உச்சிக்கு வந்து இன்னும் வேலை செய்கிறது.

மேலே இரண்டு மீட்டர் கனத்துக்கு கான்கிரீட் அடுக்கியிருக்கிறார்கள். வேறு துகளெல்லாம் அதில் நின்றுவிடும், 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட மியூவான் மட்டும் கீழே வரும். அப்படியும் ஒரு நாளைக்கு சுமார் 400 கோடி மியூவான் பதிவாகிறது. உங்களுக்கு ஏன் பயன்படாது என்றால், குழாயின் அகலமே 10 செ.மீ. அதனால் மியூவான் வரும் திசை சில டிகிரி முன்பின்னாகத்தான் தெரியும். வானத்தின் எந்தப் பக்கம் இருந்து எத்தனை வருகிறது என்று பார்க்க அது தாராளமாகப் போதும். வாத்தியார் சொல்கிற அரை டிகிரி ஒரு டிகிரித் திருப்பத்தை அதில் பார்க்க முடியாது. அது போக பெட்டியை வைக்க அடுக்குகளுக்கு நடுவில் இடமும் கிடையாது, அங்கேயும் கான்கிரீட்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூடின பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள், அவர்கள் அதே மியூவானை வைத்து ஒரு மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஒரு பெரிய இடிமேகம் வந்தது. 11.4 கி.மீ. உயரத்தில், குறைந்தது 380 சதுர கி.மீ. பரப்பில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள் இருக்கிற மின்னழுத்தம் மியூவானின் ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், அதனால் கீழே வரும் எண்ணிக்கை சில நிமிடங்களுக்கு மாறும். அந்த மாற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று தெரிந்தது, 2019இல் வெளியிட்டார்கள். 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை பதிவான 184 இடிமழைகளில் அதுதான் பெரியது. அன்றைக்கு நான் ஊட்டியில்தான் இருந்தேன், கரண்ட் போய்விட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது நினைவிருக்கிறது. தலைக்கு மேலே இருந்தது என்ன என்று ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கோத்தகிரிப் பேத்தி:

ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. ஃபெர்ன்ஹில் தம்பி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்த டிசம்பர் இடி அவருக்கும் ஞாபகம் இருக்கிறதாம்.

பெட்டியை அளந்தேன். உயரம் 75 செ.மீ., அகலம் 55, ஆழம் 50. தகட்டின் தடிமன் தெரியவில்லை, கதவின் இடுக்கில் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன், முன் தகடு ஒன்றேகால் செ.மீ. போலத் தெரிகிறது. விரலால் தட்டினால் கணீர் என்று வரவில்லை, மண் சுவரைத் தட்டுவது போல மொத்தென்று இருக்கிறது. ஆட்டினால் உள்ளே எதுவும் உருளவில்லை.

இரண்டு சந்தேகம். அம்மா, கதிர் என்றால் பத்திரத்து மை மங்கிவிடாதா, நமக்கும் கெடுதல் இல்லையா என்று கேட்கிறார். பெரியப்பா, இது மசினகுடியில் வேண்டாம் என்று சொன்னார்களே அந்த நியூட்ரினோ விஷயமா என்கிறார்.

குன்னூர் வாத்தியார்:

அம்மாவிடம் சொல்லுங்கள், நாம் புதிதாக எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை. தாத்தா அந்தப் பெட்டியைப் பூட்டிய நாளில் இருந்து ஒவ்வொரு நிமிடமும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மியூவான்கள் அதன் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அம்மா வழியாகவும் போகின்றன. வருவதைக் குறித்துக்கொள்வது மட்டும்தான் நம் வேலை. எக்ஸ்-ரேவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே அதுதான்.

பெரியப்பா கேட்பது வேறு விஷயம், நியூட்ரினோ வேறொரு துகள். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் மசினகுடி பக்கத்துச் சிங்காராவைப் பார்த்தார்கள், முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009இல் அனுமதி கிடைக்கவில்லை, பிறகு தேனி மாவட்டம் போடி மலைக்குப் போனது. அங்கே மியூவான் வேண்டாத விருந்தாளி, அதைத் தடுக்கத்தான் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் பாறை கேட்டார்கள்.

கணக்கை இரவு உட்கார்ந்து போடுகிறேன்.

தாண்டிக்குடியான்:

நான் பழனி மலைக்காரன், இப்போது தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டில் வேலை. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் போக மனம் வரவில்லை. மூடி சீல் வைத்த பெட்டி என்றால் எங்கள் தினசரிப் பிழைப்பே அதுதான்.

ஒரு இருபதடி கன்டெய்னர் வருகிறது, சீல் எண் சரியாக இருக்கிறது, காகிதத்தில் பழைய இரும்பு என்று போட்டிருக்கிறது. உள்ளே உண்மையில் என்ன என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் திறந்து கொட்டினால் ஒரு நாளில் யார்டு நின்றுவிடும். எக்ஸ்-ரே ஸ்கேனர் நல்லதுதான், ஆனால் டிரைவரை இறக்கிவிட்டுத்தான் லாரியை உள்ளே விட வேண்டும், பழைய இரும்பு போல அடர்த்தியான சரக்கு என்றால் படம் ஒரே கறுப்பாக வரும். கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கிற வாசல் கருவி தனியாக உண்டு, அது காமாக் கதிரைத் தேடும். யாராவது யுரேனியத்தைக் கனமான ஈயப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் காமா வெளியே வராது, கருவி பேசாது.

மியூவான் இங்கேதான் அழகு. ஈயத்தை வைத்து மறைத்தால் மியூவான் இன்னும் அதிகமாகத் திரும்பும். மறைக்கிற பொருளே காட்டிக்கொடுத்துவிடும். பஹாமாஸ் நாட்டின் ஃப்ரீபோர்ட் துறைமுகத்தில் 2012இல் இப்படி ஒரு கருவியை நிறுவினார்கள், லாரி அப்படியே உள்ளே போய் நிற்கும், மேலேயும் கீழேயும் உணர்குழாய்கள், டிரைவர் இறங்கவே வேண்டாம். வாத்தியார் ஐயா சொன்ன லாஸ் அலமோஸ் வேலையில் இருந்து கிளைத்ததுதான் அது. யுரேனியம் போன்ற கனமான கட்டி என்றால் நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். அக்காவின் பெட்டியில் இருப்பது காகிதம் என்றால் அந்தக் கருவியே கிடைத்தாலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. திறக்கவே கூடாத பெட்டிகளும் உலகத்தில் இருக்கின்றன. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அடைத்து வைக்கிற பெரிய எஃகுக் கலன்கள். அவற்றை ஒரு முறை மூடினால் மூடியதுதான். உள்ளே வைத்தது எல்லாம் இன்னும் இருக்கிறதா, யாராவது எடுத்துவிட்டார்களா என்று தணிக்கை செய்ய வேண்டும் இல்லையா? அமெரிக்காவில் ஐடஹோ ஆய்வகத்தில் அப்படி ஒரு கலனுக்கு இரண்டு பக்கமும் மியூவான் கருவியை நிறுத்திப் பார்த்தார்கள், எரிபொருள் கட்டு இல்லாத காலி இடங்கள் தெரிந்தன, 2018இல் வெளிவந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலும் 2015இல் முதலாம் உலையை மியூவானால் பார்த்துத்தான், எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, உருகிக் கீழே போய்விட்டது என்பதை உறுதி செய்தார்கள். மனிதன் போக முடியாத இடத்துக்கு இது போகிறது. எனக்கு இந்தத் துறை மேல் இருக்கிற பிரியம் அதனால்தான்.

மேட்டுப்பாளையம் லேத்:

வாத்தியார் கணக்கு வரட்டும். அதற்குள் நான் என் தொழிலில் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது அவசரப்பட்டு கட்டர் வைத்துவிடப் போகிறார்கள்.

தங்கச்சி, தட்டினால் மொத்தென்று வருகிறது என்றீர்களே, அது நல்ல சேதி. பழைய பெட்டிகளில் இரட்டைத் தகடு இருக்கும், நடுவில் மூன்று நாலு விரல்கடை இடைவெளி விட்டு படிகாரம், மரத்தூள் என்று அடைத்திருப்பார்கள். வெளியே தீப்பிடித்தால் சூட்டில் படிகாரம் தண்ணீரை விடும், உள்ளே இருக்கிற காகிதம் கருகாமல் ஈரமாக நிற்கும். கேஸ் கட்டர் அந்த அடைப்பையும் சேர்த்து ஊடுருவுவதால்தான் நீங்கள் பார்த்த வீட்டில் அப்படி ஆனது. கட்டர் வேண்டவே வேண்டாம்.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்கதவில்தான் டிரில் இறங்காத கடினத் தகடு வைப்பார்கள், பின்பக்கம் பெரும்பாலும் மெலிசாக இருக்கும். அங்கே 8 மி.மீ. பிட் போட்டு, வேகத்தைக் குறைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி இறக்க வேண்டும். கை வைத்தால் சூடு தெரியக் கூடாது, அதுதான் அளவு. நடு அடைப்பு வந்ததும் தூள் வெள்ளையாக வரும். மூக்கில் துணி போதாது, நல்ல மாஸ்க் போடுங்கள், சில பழைய பெட்டிகளில் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு, அது நுரையீரலுக்கு விஷம். நார் நாராகத் தெரிந்தால் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையை நிறுத்திவிடுங்கள். உள் தகட்டைத் தாண்டியதும் போனில் மாட்டுகிற எண்டோஸ்கோப் கேமரா, வண்டி மெக்கானிக் எல்லோரிடமும் இருக்கிறது, அதை விட்டால் உள்ளே இருப்பது கண்ணாலேயே தெரியும்.

குன்னூர் வாத்தியார்:

லேத் அண்ணன் சொன்ன இரட்டைத் தகடு என் கணக்குக்கு உதவியது.

ஒரு பொருள் மியூவானை எவ்வளவு திருப்பும் என்பதற்கு ஒரு அளவு உண்டு, ரேடியேஷன் லெங்த் என்பார்கள். இரும்புக்கு 1.76 செ.மீ., தங்கத்துக்கு 0.33, தண்ணீருக்கு 36. அந்தத் தடிமன் வந்தால் ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியை மேலிருந்து கீழாகக் கடக்கும் மியூவானுக்கு, மேல் கீழ் இரும்பு இரண்டரை செ.மீ. என்றால் 1.4 படி, நடு அடைப்பு இரண்டு பக்கமும் சேர்ந்து 10 செ.மீ. என்றால் அரைப்படிக்குச் சற்று மேல். ஆக வெறும் பெட்டியே 2 படி. அட்டிகை இருந்து, தங்கம் அரை செ.மீ. தடிமனுக்குக் குவிந்திருந்தாலே அது தனியாக ஒன்றரைப் படி. அதாவது பெட்டி முழுவதும் சேர்ந்து செய்கிற வேலையில் முக்கால் பங்கை அந்தச் சின்னக் குவியலே செய்கிறது. சில மணி நேரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்துவிடும்.

காகிதம் அப்படி இல்லை. நெருக்கமாக அடுக்கிய காகிதம் ஏறக்குறைய 50 செ.மீ. இருந்தால்தான் ஒரு படி. 10 செ.மீ. உயரக் கட்டு என்றால் 0.2. இரண்டு படிக்கு நடுவே 0.2ஐத் தேட வேண்டும், பத்தில் ஒரு பங்கு. ஐந்துக்கு ஐந்து செ.மீ. கட்டத்தில் நிமிடத்துக்கு 25 மியூவான் விழுந்தாலும் மேலும் கீழும் உள்ள எல்லா அடுக்குகளிலும் படுபவை பத்துதான் தேறும் என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மியூவானின் ஆற்றலும் வேறு வேறு என்பதால் சராசரி நிலைக்கப் பத்தாயிரமாவது வேண்டும். பதினேழு மணி நேரம். இது தோராயம்தான், ஆனால் மணிக்கணக்கில் அடங்குகிற விஷயம், வருடக்கணக்கு இல்லை. நாலே நாலு தாள் பத்திரம் மட்டும் இருந்தால்? அரை மில்லிமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. மியூவானுக்கு அது இல்லாதது மாதிரிதான்.

அப்பாவின் பத்திரத்தை இதனால் பார்க்க முடியாது என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. அத்தையின் அட்டிகையைப் பார்க்க முடியும், ஆனால் அந்தக் கருவியை எங்கே போய் வாங்குவது. லேத் அண்ணன் வழியில் போங்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு அழைப்பு. மியூவானை அவள் தன் கண்ணால் பார்க்கலாம். ஒரு மீன் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் கறுப்புத் தகடு, தகட்டுக்குக் கீழே உலர்பனிக்கட்டி, மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துண்டு. அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் டார்ச் அடிக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது, தூறல் மாதிரி ஆவி இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு தகட்டுக்கு ஒட்டினாற்போல், ஒரு விரற்கடை உயரத்தில், திடீரென்று வெள்ளை நூல் ஒன்று இழுத்தது போல ஒரு கோடு வரும், நேராக, மெல்லியதாக, இரண்டு வினாடியில் கரைந்துவிடும். நேராக நீளமாகப் போகிறது பெரும்பாலும் மியூவான். குட்டையாகத் தடித்து வருவது ஆல்பா துகள். சுருண்டு வளைவது எலக்ட்ரான். நான் ஒவ்வொரு வருடமும் கோயம்புத்தூரில் இருந்து உலர்பனி வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இந்த மேக அறையை உருவாக்கிய வில்சனுக்கு 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் பனிமூட்டத்தைப் பார்த்தபோதுதான் மேகத்தின் மேல் ஆசை பிறந்தது. ஃபெர்ன்ஹில் தம்பி எழுதினாரே, இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்க முடியும் என்று முதலில் சொன்னவரும் அவரேதான்.

கோத்தகிரிப் பேத்தி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

லேத் அண்ணன் எழுதியதை அப்படியே அச்செடுத்து உள்ளூர் லேத்துக்காரரிடம் கொடுத்தேன். பின்பக்கம் ஒரே ஒரு ஓட்டை. காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார், நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சூடு ஏறவே இல்லை. வெள்ளைத் தூள்தான் வந்தது, நார் இல்லை. மூன்று மணி வாக்கில் கேமராவை விட்டோம்.

உள்ளே இரண்டு தட்டு. மேல் தட்டில் ஒன்றும் இல்லை. கீழ்த் தட்டில் எஸ்டேட் செக்ரோல் புத்தகங்கள் (தொழிலாளர்களின் வருகைப் பதிவேடுகள்), நீளவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக, சிவப்பு நாடாவால் கட்டியிருக்கிறது. அட்டை மேல் தாத்தாவின் கையெழுத்து, அந்த வளைந்த ழகரத்தை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கிறது, அது என்ன என்று கேமராவில் தெரியவில்லை. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் இருந்து பூட்டு வேலை தெரிந்தவர் வருகிறார், ஓட்டை வழியாகப் பார்த்து உள்ளிருந்தே தாழை நகர்த்த முடியும் என்கிறார். அதுவரைக்கும் ஓட்டையில் மெழுகு அடைத்து வைத்திருக்கிறேன், ஈரப்பனி உள்ளே போகக் கூடாது என்று.

சார், செக்ரோல் கட்டு 20 செ.மீ. உயரம் இருக்கும். உங்கள் கணக்குப்படி மியூவானுக்குத் தெரிந்திருக்குமா? மகள்தான் கேட்கச் சொன்னாள். மேக அறை பார்க்க ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வரலாமா?

குன்னூர் வாத்தியார்:

20 செ.மீ. என்றால் 0.4 படி, பத்தில் ஒன்று ஐந்தில் ஒன்றாகிவிட்டது. பங்கு இரண்டு மடங்கானால் வேண்டிய மியூவான் நாலில் ஒன்றாகக் குறையும், இரண்டாயிரத்து ஐந்நூறு போதும். நாலு மணி நேரம் சொச்சம். மேல் தட்டு காலியாக இருப்பதால், பெட்டித் தகடுகள் செய்தது போக மீதித் திருப்பம் கீழ்ப் பாதியில்தான் தெரிந்திருக்கும், கட்டு எந்தத் தட்டில் என்பதும் தெரிந்திருக்கும். துணி முடிச்சுக்குள் தங்கம் என்றால் அதுவும்.

ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள், உலர்பனிக்குச் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு மேல் கொண்டு வந்தால் பாதி கரைந்துவிடும், அதனால் எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், அவளுக்கு ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும்.